கன்று வாங்குமுன் நாலு கேள்வி

(பூதப்பாண்டியில் நடந்த கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், களப்பணிக் குழுவின் சார்பில் எங்கள் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது ஒரு கடன் மனுவைப் பற்றி. "சும்மா கிடக்கிற விளையில காட்டாமணக்கு, புங்கம் வச்சா டீசலுக்கு எண்ணெய் எடுக்கலாமாமே, அதுக்குக் குழுக்கடன் போடலாமா?" என்று சில குழுக்களில் கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி. இதற்கு ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இதுவரை நடந்ததைத் தெரிந்துகொண்டு நாமே முடிவு எடுப்போம்.

முதலில் ஒன்று. செடி எண்ணெயில் வண்டி ஓடும் என்பது பொய் இல்லை. எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்தால் கிளிசரின் தனியாகப் பிரியும். மிஞ்சுவதுதான் பயோடீசல். 2002 டிசம்பர் 31-ல் டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரயிலையே 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டிக் காட்டினார்கள். அப்துல் கலாம் ஐயா குடியரசுத் தலைவராக இருந்தபோது பல மேடைகளில் இதை ஆதரித்துப் பேசினார். 2003-ல் மத்தியத் திட்டக்குழுவின் அறிக்கை வந்தது. ஒரு ஹெக்டேருக்கு 2,500 காட்டாமணக்கு, செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை என்று அதில் கணக்கு. நம்ம கணக்கில் ஏக்கருக்கு 1,000 செடி, 1,500 கிலோ விதை. கேட்க நல்லாத்தான் இருந்தது.

வயலில் நடந்தது வேறு. தமிழ்நாட்டில் காட்டாமணக்கு போட்ட விவசாயிகளைப் பார்த்து எழுதிய ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு, தண்ணீர் வசதி இல்லாவிட்டால் தேறாது, செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அதன் சாரம். 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்றார்கள், அது நடக்கவில்லை. 2018-ல் வந்த தேசியக் கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம் என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது.

ஏன் இப்படி ஆச்சு? வேலிச் செடி தண்ணியில்லாம வளருதுல்ல என்று நீங்க கேட்கலாம். வளரும். ஆனால் உயிரோடு நிற்பது வேறு, காய்த்துக் கொட்டுவது வேறு. இந்த வித்தியாசம் நம்ம நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2014-ல் வந்த டி.பி.எஸ். 5 நெல்லை எடுத்துக்குவோம். அம்பை 16, ஆடுதுறை 37 என்ற இரண்டு நெல்லைச் சேர்த்து உண்டாக்கியது அது. சேர்த்த பிறகும் வருஷக்கணக்காகப் பல இடத்தில் நட்டு, அறுத்து, அளந்து பார்த்துத்தான் விவசாயி கையில் விதை கொடுத்தார்கள்.

காட்டாமணக்கில் அந்த வேலை முடியும் முன்னாலேயே நடவு தொடங்கிவிட்டது. இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. நம்ம நாட்டில் நிற்பவை பெரும்பாலும் நெருங்கிய சொந்தக்கார செடிகள். அதனால் இதற்குள்ளேயே தேடி நல்ல ரகம் பிரித்தெடுப்பது கஷ்டம். பூவிலும் ஆண் பூதான் கூடுதல். ஒரு பெண் பூவுக்கு இருபதுக்கு மேல் ஆண் பூ இருக்கும். பெண் பூதானே காயாகும்? மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் இதை அதன் உறவுச் செடி ஒன்றோடு சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கும் ஆராய்ச்சி நடந்தது. விஞ்ஞானிகள் உழைக்காமல் இல்லை. ஆனால் ஆராய்ச்சிக்குப் பல வருஷம் வேணும். வங்கித் தவணை அடுத்த மாசமே வந்து நிற்கும்.

புங்கம் நம்ம மண்ணின் மரம். நிழல் தரும், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். ஆனால் விதை போட்டு முளைத்த புங்கம் ஒன்றுபோல் ஒன்று காய்க்காது. ஒரு மரம் மூட்டை மூட்டையாகத் தரும், பக்கத்து மரம் பேருக்குக் காய்க்கும். நன்றாகக் காய்ப்பதாகப் பல வருஷம் கவனித்து வைத்த தாய்மரத்தில் கொம்பு எடுத்து ஒட்டுக்கட்டின கன்றுதான் அதே குணத்தைக் கொண்டுவரும்.

இதில் ஜெயித்த பெண்களும் இருக்கிறார்கள். ஆந்திராவின் அதிலாபாத் மாவட்டத்தில் (இன்று தெலங்கானா) பவர்குடா என்று ஒரு பழங்குடி கிராமம். அங்குள்ள சுயஉதவிக்குழுப் பெண்கள் புங்க விதை ஆட்டும் செக்கு இயந்திரத்தை நடத்தினார்கள், புங்கங்கன்றும் நட்டார்கள். அந்த எண்ணெய் டீசலுக்குப் பதிலாக எரிந்தால் காற்றில் 147 டன் கரிவளி குறையும் என்று கணக்கிட்டு, 2003-ல் உலக வங்கி 645 டாலர் கொடுத்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 30 ஆயிரம் ரூபாய். அவங்களுக்கு விதை காட்டு மரங்களில் ஏற்கெனவே இருந்தது. இயந்திரம் அவங்க கையில் இருந்தது. பிண்ணாக்கும் உரமாச்சு. சாப்பாட்டு நிலத்தை அழித்து அவங்க ஆரம்பிக்கவில்லை.

அதனால் யாராவது கன்றோடு வந்தால், இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

ஒன்று: இது எந்தத் தாய்மரத்தின் கன்று? எந்த ஊரில், எத்தனை வருஷம் சோதித்தது? எழுத்தில் தரச் சொல்லுங்க.

இரண்டு: தண்ணீர் பாய்ச்சாமல் ஐந்து வருஷம் நின்ற தோட்டம் எங்கே இருக்கிறது? நம்ம ஆரல்வாய்மொழி பக்கத்துக் காற்றும் வறட்சியும் உள்ள நிலமாக இருக்கவேண்டும். குழுவிலிருந்து ரெண்டு பேர் போய்ப் பார்த்து, விதையை நிறுத்துப் பார்த்துட்டு வரணும்.

மூன்று: விதையை யார் வாங்குவாங்க, என்ன விலைக்கு? நாட்டுச் செக்கில் சுமார் 4 கிலோ விதைக்குத்தான் 1 லிட்டர் எண்ணெய். 4 கிலோ விதையின் விலையோடு ஆட்டுக்கூலியும் சேர்த்தால் டீசல் விலையைத் தாண்டுமா என்று பாருங்க. தாண்டினால் வாங்க வருகிறவர் நாளைக்கு வரமாட்டார்.

நாலு: காய்க்கும்வரை வட்டி யார் கட்டுவாங்க? 1 லட்சம் கடன், வருஷத்துக்கு 12 சதவீதம் என்று வையுங்க. மாசம் 1,000 ரூபாய் வட்டி. 5 வருஷத்தில் வட்டி மட்டும் 60 ஆயிரம். அசல் அப்படியே நிற்கும்.

இன்னும் இரண்டு விஷயம். காட்டாமணக்கு விதை விஷம். பிள்ளைகள் கொட்டை என்று நினைத்துத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அதன் பிண்ணாக்கை ஆடு மாட்டுக்கு வைக்கவே கூடாது, உரத்துக்கு மட்டும்தான். அடுத்தது, ஏட்டில் 'தரிசு' என்று எழுதியிருக்கும் பொற்றையில்தான் நம்மில் பல பேர் ஆடு மேய்க்கிறோம், விறகு பொறுக்குகிறோம். அதை வளைத்து எண்ணெய்ச் செடி வைத்தால் நிலமில்லாத அக்காமாருக்குத்தான் முதல் அடி.

அப்போ என்ன செய்யலாம்? வயலையும் விளையையும் தொடவேண்டாம். வரப்பு, வேலி, பாதையோரத்தில் வீட்டுக்கு ரெண்டு புங்கம் வைப்போம். அதற்குக் கடன் வேண்டியதில்லை, சந்தாவில் மிஞ்சுவது போதும். உங்க ஊரில் நன்றாகக் காய்க்கும் புங்கமரத்துக்கு அடையாளம் போட்டு, மூன்று வருஷம் எத்தனை கிலோ விழுகிறது என்று குழு நோட்டில் எழுதுங்க. ஒட்டுக்கன்று பற்றிய விவரத்துக்குத் திருப்பதிசாரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். தாய்மரம் தேடும் வேலை படித்தவர்களுக்கு மட்டும் உரியதில்லை. எந்த மரம் காய்க்கும் என்று விதை பொறுக்கும் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

அடுத்த குழுக்கூட்டத்தில் இந்த நாலு கேள்வியையும் வாசித்துப் பேசி, தீர்மான நோட்டில் பதிவு செய்யுங்க. பதில் கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தாலும் கடன் மனுவில் கையெழுத்து வேண்டாம். சேமித்த காசு நம்முடையது. அதை எங்கே நடுவது என்ற முடிவும் நம்முடையதாகவே இருக்கட்டும்.