பெயின்ட் அடித்தால் ஓதம் போகுமா?

(நமது குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

பராமரிப்புக் கட்டணத்துக்கே பாதி நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் 1-ஐ நம் ஊரில் யாரும் மறக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். நம் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் பிறகு பல வீடுகளில் சுவரில் ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது.

எனக்குக் கீழ் வீட்டிலும் அப்படித்தான். அங்கே நான்கு வயதுக் குழந்தை. இரவெல்லாம் இருமல், இழுப்பு. நெபுலைசர் வைக்காத வாரமில்லை. சுவருக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தார்கள். மழைதான் காரணம் என்று நானும்தான் சொன்னேன். 2025 சித்திரை வெயிலிலும் சுவர் காயவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டோம். கசிந்தது என் வீட்டுக் குளியலறை! டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் போயிருந்தது எனக்கு முன்பே தெரியும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். சரிசெய்த பிறகு சுவர் காய்ந்தது. குழந்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது என்று பாட்டியம்மா சொன்னார். இழுப்புக்குப் பூஞ்சை மட்டுமே காரணமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொந்தரவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. குழந்தைகளின் மூச்சுக்குழாய் சிறியது. எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. இரண்டு வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாடகை வீட்டில் பூஞ்சை என்று அப்பா 2017-லிருந்து முறையிட்டார். கிடைத்த யோசனை, மேலே பெயின்ட் அடியுங்கள் என்பது. பூஞ்சைதான் மரணத்துக்குக் காரணம் என்று 2022-இல் விசாரணையில் தீர்ப்பானது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே இப்போது சட்டம் இருக்கிறது.

வங்கியில் கணக்கு இடித்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸில் போடுவோம். பேலன்ஸ் டேலி ஆகும், வித்தியாசம் அப்படியே இருக்கும். ஓதச் சுவரில் பெயின்ட் அடிப்பதும் அதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்: மேல் வீட்டுக் குளியலறை, மொட்டைமாடி விரிசல், மழைநீர்க் குழாய். நனைந்த இடம் ஓரிரு நாளில் காயாவிட்டால் பூஞ்சை முளைத்துவிடும்.

துடைக்கும்போது குழந்தைகள் அந்த அறையில் வேண்டாம். உலர்ந்த துணியால் தட்டினால் வித்துகள் காற்றில் பறக்கும். மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஃபேன் போட்டுக் காய விடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைத் தயவுசெய்து கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். பூஞ்சை பிடித்த தலையணை, மெத்தையைத் தூக்கிப் போட மனம் வராது, போடத்தான் வேண்டும். மழை நாளில் துணியைப் படுக்கையறையில் உலர்த்தினால் அந்த ஈரம் சுவருக்குத்தான் போகும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் எல்லாக் குளியலறைகளையும் பிளம்பரை வைத்துப் பார்த்துவிடலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஓதம் உள்ளவர்கள் வாட்ச்மேனிடம் இருக்கும் நோட்டில் வீட்டு எண்ணை எழுதுங்கள். மேல் வீட்டுக்காரரிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.