ஒரே சஹனில் உம்மாவுக்கும் ஒரு துண்டு

(நமது டிரஸ்டின் மாதாந்திர நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று பீட்சாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். டிரஸ்டுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைக்க வேண்டாம். மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் சர்க்கரை நோய் என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. காலில் ஆறாத புண், சிறுநீரகக் கோளாறு என்று முற்றிய பிறகு ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடுகிறது. உதவித்தொகை கொடுப்பதோடு நம் கடமை முடியாது. அடுப்படியிலும் கவனம் வேண்டும்.

சமீபத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் கடை பீட்சாவைச் சஹனில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உம்மா மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தார். "எனக்குத்தான் சுகர் இருக்கே" என்றார். கூடி உண்பதில் பரக்கத் இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வட்டத்தில் உம்மாவுக்கு இடமில்லாமல் போனது மனதை உறுத்தியது. அதற்காகத்தான் இந்தச் செய்முறை.

பீட்சாவில் மாவுச்சத்து பெரும்பாலும் அடி ரொட்டியில்தான் இருக்கிறது. 100 கிராம் மைதாவில் அது சுமார் 75 கிராம். 100 கிராம் காலிஃபிளவரில் சுமார் 5 கிராம்தான். ஆகவே ரொட்டியைக் காலிஃபிளவரில் செய்வோம்.

அரை கிலோ காலிஃபிளவர் பூக்களை உப்புப் போட்ட வெந்நீரில் சிறிது நேரம் வைத்துப் புழு, பூச்சி நீக்குங்கள். துருவி, ஐந்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் கட்டி, நன்றாகப் பிழியுங்கள். இதில்தான் வெற்றியும் தோல்வியும். ஈரம் இருந்தால் ரொட்டி கையில் எடுக்கும்போதே உடையும். பிழிந்த நீரைக் கொட்ட வேண்டாம், ஆணத்தில் சேர்க்கலாம்.

மைதா மாவு தானே ஒட்டிக்கொள்ளும், காலிஃபிளவர் ஒட்டாது. எனவே ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி கடலை மாவு, ஒரு கைப்பிடி துருவிய சீஸ், மிளகுத்தூள், சிறிது உப்பு சேர்த்துப் பிசையுங்கள். கனமான தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, மெல்லிய வட்டமாகத் தட்டி, சிறு தீயில் மூடி வையுங்கள். அடி சிவந்ததும் ஒரு தட்டில் கவிழ்த்து, மறுபக்கம் வேகவிடுங்கள். ஓவன் உள்ளவர்கள் 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வைக்கலாம்.

மேலே வதக்கிய தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், முன்பே வேகவைத்த கோழித் துண்டுகள், கொஞ்சம் சீஸ். சீஸ் உருகும் வரை மூடினால் போதும்.

சீஸ் வாங்கும்போது கவனியுங்கள். பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட், விலங்கின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. நம் நாட்டில் உறைமேல் பச்சைக் குறி இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது நம் மார்க்கம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: இது கடை பீட்சா போல் இழுபடாது, மென்மையாக இருக்கும். இது மருந்தும் அல்ல. சீஸில் உப்பும் கொழுப்பும் உண்டு; இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். மாத்திரையை, இன்சுலினை நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும்.

வரும் வெள்ளிக்கிழமை செய்து பாருங்கள். துருவவும் பிழியவும் பிள்ளைகளையும் ஆண்களையும் கூப்பிடுங்கள். முதல் துண்டை உம்மாவின் கையில் கொடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.