உப்பில்லாமல் கடின நீரை அடக்க முடியுமா?



கோவைப் பக்கம் பல வீடுகளில் சமையலறைக்குள் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் சிறுவாணியோ பில்லூரோ வரும். அது நல்ல தண்ணீர். இன்னொன்று போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். துவரம்பருப்பை எதில் வேகவைப்பது என்று அந்த வீட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. போர் தண்ணீரில் போட்ட பருப்பு எத்தனை விசில் வந்தாலும் முழுசு முழுசாகத்தான் கிடக்கும். நீரில் உள்ள கால்சியம், பருப்பிலுள்ள பெக்டின் என்ற பொருளைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. அதனால்தான் அது குழைவதில்லை.

அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. போகிற வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதைக் கரைத்துக்கொண்டு போகிறது. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை அமைந்ததே அங்கே கிடைத்த சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான். அரியலூரிலும் அதே கதைதான். அப்படிப்பட்ட மண்ணில் துளை போட்டால் வருகிற தண்ணீர் வேறு எப்படி இருக்கும்?

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. உங்கள் வீட்டுத் தண்ணீர் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பும்போது அதில் அரைக் கிலோ சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் அது பெரும்பாலும் பேசாமல் இருக்கும். கீசரில் சூடு ஏறியதும் கரியமில வாயு பிரிந்து போகிறது, சுண்ணாம்பு வெளியே வந்து காயிலைச் சுற்றிப் படிகிறது. பழுதான கீசரைப் பிரிக்கும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். காயில் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கல் குச்சி இருக்கும். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் ஓடு ஓடாக உதிரும். அந்த ஓட்டைச் சூடாக்கிய பிறகுதான் உங்கள் தண்ணீர் சூடாகிறது. கரண்ட் பில் வேறு எப்படி வரும்?

இதற்கு வழக்கமான மருந்து, உப்புப் போடும் சாஃப்ட்னர். உள்ளே ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள் இருக்கும். அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை நீருக்குள் விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். நுரை பொங்கும், படிவது நின்றுவிடும், அதில் குறையே இல்லை. விலை வேறு இடத்தில் இருக்கிறது. கடினத்தன்மை 100 குறைந்தால் ஒரு லிட்டரில் 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். 500-ஐ முழுக்க மாற்றினால் 230. இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் அதைக் குடிநீராக வைத்துக்கொள்ளக் கூடாது. கழுவிய உப்பு நீரோ, கொல்லையில் கறிவேப்பிலைக்கும் தென்னைக்கும் போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில், வீட்டுச் சாஃப்ட்னர்களின் குளோரைடு சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய்க் கீழ்ப்பகுதி விவசாயிகளின் ஸ்ட்ராபெரி, அவகேடோ தோட்டங்களுக்குக் கேடு என்று பிரச்சினை வந்தது. 2008-ல் மக்களே வாக்களித்து அந்தக் கருவிகளை அகற்ற ஒப்புக்கொண்டார்கள்.

அதனால்தான் 'உப்பில்லாத சாஃப்ட்னர்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் மனசு இளகுகிறது. அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் ஒரே சரக்கு அல்ல. அவற்றில் பேசத் தகுந்தது டி.ஏ.சி. என்ற முறை. இதிலும் மணிகள்தான். ஆனால் இவை எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. மணியின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய இடங்களில் சுண்ணாம்பு பொடிப் படிகமாக உருவாகிக் கழன்று, தண்ணீரோடு மிதந்து போய்விடும். மோர் உறை விட்டுப் பால் தயிராவதுபோல, ஒரு தொடக்கம் கிடைத்தால் போதும், படிகம் தானே வளர்ந்துகொள்ளும். ஏற்கனவே படிகமாகிவிட்டது காயிலில் போய் ஒட்டாது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல முறைகளை ஒப்பிட்டுச் சோதித்தபோது சூடான பரப்பில் படிவை அதிகம் குறைத்தது இதுதான், 88 சதவீதத்துக்கும் மேல். மின்காந்த முறை பாதியளவுதான் தேறியது.

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும். இந்தக் கருவியில் நுழைந்த கால்சியம் அத்தனையும் வெளியேயும் வரும். சோதனைக்கூடத்தில் கடினத்தன்மை எண் மாறாது. சோப்பு இன்னும் திரியும். பருப்பு இன்னும் வேகாது. தண்ணீர் சவர்த்தால் சவர்த்துக்கொண்டேதான் இருக்கும். கண்ணாடியில் காய்ந்த சொட்டு வெள்ளையாகத்தான் தெரியும், துணியால் துடைத்தால் சுலபமாகப் போகும், அவ்வளவே. ஆக, உங்கள் குறை கீசரும் குழாயும் அடைத்துக்கொள்வதுதான் என்றால் இது நல்ல கருவி. நுரை வரவில்லை என்பது குறையானால், பணத்தைக் கொட்டிவிட்டு ஏமாந்து நிற்பீர்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தண்ணீரில் இரும்பு இருந்தால் அந்த மணிகள் சீக்கிரம் செத்துவிடும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே முதலில் இரும்பை வடிகட்ட வேண்டும். தொட்டியில் செம்பழுப்புக் கறை பிடிக்கும் வீட்டுக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. மணிகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

குழாயில் கட்டும் காந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெல்ஜியத்தில் 1945-ல் காப்புரிமை பெற்ற யோசனை அது. இத்தனை காலமாகியும் ஒரு சோதனையில் வேலை செய்கிறது, அடுத்ததில் செய்வதில்லை. கீசர், வாஷிங் மெஷின் முன்னால் மாட்டும் பாலிபாஸ்பேட் உருண்டைகள் பரவாயில்லை, மலிவு. ஆனால் அதிகச் சூட்டில் அவற்றின் சக்தி போய்விடும், உருண்டை கரையக் கரைய நிரப்பவும் வேண்டும்.

விற்க வருகிறவர்கள் காட்டும் வித்தை ஒன்று உண்டு. உங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். 'இதைத்தான் குடிக்கிறீர்கள்' என்பார்கள். அது உங்கள் தண்ணீரின் அழுக்கு அல்ல, அவருடைய இரும்புக் கம்பி கரைந்த துரு. டி.டி.எஸ். மீட்டரும் கடினத்தன்மையை அளக்காது. கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரு எண் காட்டும், அவ்வளவுதான்.

காசு செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. கீசரின் சூட்டை 50 டிகிரிப் பக்கம் குறைத்து வையுங்கள், படிவு குறையும். அடைத்துப்போன ஷவர் முகப்பை இரவு முழுக்க வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ போட்டால் காலையில் துளைகள் திறந்திருக்கும். கழிவறை ஆசிட்டை மட்டும் அதன்மேல் ஊற்றாதீர்கள், முலாம் போய்விடும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கினார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் போவதோடு சரி. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர். அதில் கடினத்தன்மை அநேகமாகக் கிடையாது. முதல் மழையைக் கழித்துவிட்டு, வடிகட்டி, தனித் தொட்டியில் பிடித்து வைத்தால் பருப்புக்கும் துணிக்கும் அதைவிட மென்மையான நீர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கருவி வாங்கத்தான் வேண்டும் என்றால், முதலில் ஒரு லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, உங்கள் மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். கடினத்தன்மை, இரும்பு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போய், 'இது கால்சியத்தை எடுக்குமா, படியாமல் மட்டும் தடுக்குமா?' என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.