கற்றதைக் கொணர்க!
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அயல்நாட்டில் குளிர்காலப் பயிற்சி முடித்துத் தில்லி மீண்டுள்ள பொறியியல் மாணவச் செல்வங்களே!

மாணவர் கடல் கடந்து தொழிற்சாலைகளில் பயிலும் ஏற்பாடு புதிதன்று. உலகப் போர் ஓய்ந்து மூன்றாண்டும் நிறையாத 1948 ஜனவரியில், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 10 ஐரோப்பிய நாட்டினர் கூடி, மாணவர் தொழிற்பயிற்சிப் பரிமாற்றத்திற்கென ஒரு சங்கம் நிறுவினர். இடிபாடுகள் அகலுமுன்பே இளைஞரின் கல்வியை எண்ணினர்.

அதே கல்லூரி நம் தில்லிக்கும் துணை நின்றது. ஹௌஸ் காஸில் 1959இல் எடின்பரோ கோமகன் அடிக்கல் நாட்ட, 1961இல் தொடங்கிய பொறியியற் கல்லூரி, 1963இல் ஐ.ஐ.டி. ஆயிற்று. உதவி வெளியிலிருந்து வந்தது. அதைப் பெற்றுப் பின்வந்தோர்க்குக் கற்பித்தவர் நம்மவர்.

மாணவர்களே, சில வாரப் பயிற்சி எவரையும் வல்லுநராக்கிவிடாது. அறியாததைக் கூசாமல் கேட்டல், கண்டதை அன்றே குறிப்பேட்டில் எழுதுதல், செய்த பிழையை மறைக்காது உரைத்தல்: இம்மூன்றுமே நீங்கள் கொணரத்தக்க செல்வம். சான்றிதழ் உங்களுக்கு மட்டுமே பயன்படும். குறிப்பேடு உங்கள் தம்பி தங்கையர்க்கும் பயன்படும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். சேமநிதியில் கடன் பெற்றும் வளையலை அடகு வைத்தும் வழிச்செலவு தந்தவர்கள் நம்மிடையே உண்டு. "அங்கே வேலை கிடைக்குமா?" என்று கேட்குமுன், "என்ன கற்றாய்?" என்று கேளுங்கள்.

நம் காலனியில் கணக்குக்கு அஞ்சும் சிறுவன் ஒருவன் இருப்பான். வரும் ஞாயிறன்று குறிப்பேட்டுடன் அவன் வீட்டுக்குச் செல்லுங்கள். உங்கள் பயிற்சி அன்றுதான் நிறைவுறும்.

வாழ்க! வளர்க!