நன்றி கூறும் நாள்



ஒரு நாடே கூடி இறைவனுக்கு நன்றி கூறும் நாள் வளம் கொழித்த காலத்தில்தான் பிறந்திருக்கும் என்று எண்ணுவோம். அமெரிக்க வரலாறு வேறு கூறுகிறது. 1863இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. உடன்பிறந்தாரே எதிரெதிர் நின்று மடிந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், நவம்பர்த் திங்களின் இறுதி வியாழக்கிழமையை நன்றி நாளாகக் கொள்ளுமாறு அறிக்கை விடுத்தார். கணவரை இழந்தோருக்காகவும் ஆதரவற்ற குழந்தைகளுக்காகவும் அன்று இறைவனை வேண்டுமாறும் கேட்டுக்கொண்டார். 1941இல் அந்நாள் நான்காம் வியாழன் எனச் சட்டம் வரையறுத்தது. துன்பத்திடையே எழும் நன்றிக்கு நம்பிக்கையே வேர்.

நமக்குத் தைப்பொங்கல் அத்தகைய நாள். ஆயின், ஆலைகள் சூழ்ந்த நாச்சாரத்தில் நமக்கு வயலுமில்லை, ஏருமில்லை. கதிரவனை வணங்கியபின் நாம் யாருக்கு நன்றி கூறுவது?

1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை அழித்தபோது, இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். ஏறியவர் எம்மொழியினர் என்று அம்மரம் கேட்கவில்லை. பிழைப்பு நாடி வந்த நமக்கு இந்நகரமும் அத்தகைய மரமே.

நம் பொங்கல் நாளே அண்டை வீட்டாருக்குச் சங்கராந்தி. நம் மாட்டுப் பொங்கலே அவர்களுக்குக் கனுமா. அவர்தம் தெலுங்கை நம் மக்கள் பிழையறக் கற்கட்டும். அவர் துயரில் நாம் முன்நிற்போம். தமிழை மறவாதிருப்பது தாய்க்கு நன்றி. இது தாங்கிய மண்ணுக்கு நன்றி.