மருந்தும் விலையும்

 

என் தமையனார் இரத்த அழுத்தத்திற்குரிய மாத்திரையை, விலைக்கு அஞ்சி, ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொண்டு வந்தார். வீட்டாரிடமும் சொல்லிற்றிலர், வைத்தியரிடமும் சொல்லிற்றிலர். பாரிசவாயுவால் விழுந்த பின்னரே யாங்கள் அறிந்தோம்.

மருந்துக்குப் பெயர் இரண்டு: உட்பொருளின் பெயர் ஒன்று, விற்போர் இட்ட பெயர் மற்றொன்று. நெக்சவார் என்பது புற்றுநோய் மருந்து. அதன் உட்பொருள் சொராபெனிப். மாதமொன்றுக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய் விலையிருந்தது. 2012-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வேறொரு கம்பெனிக்குக் கட்டாய உரிமம் அளிக்கப்பட்டபோது, அம்மருந்துக்கு 8,880 ரூபாயே விலையாயிற்று. பொருள் ஒன்றே, விற்கும் உரிமையே விலையை வேறாக்கிற்று.

ஆதலின் நாம் செய்யத்தக்கன மூன்று. சீட்டு எழுதும்போதே, "இவ்விலை எங்களுக்கு எட்டாது, இதே உட்பொருளில் குறைந்த விலையுள்ளது உண்டோ?" என்று வைத்தியரை வினவுக. அப்பெயரைக் கூறி, 2008-இல் தோன்றிய மக்கள் மருந்தகங்களிலும், 2025-இல் தமிழ்நாட்டில் திறக்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களிலும் விசாரிக்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பெறுதலும் இழிவன்று. மூன்றாவது, வைத்தியரைக் கேளாமல் மருந்தைக் குறைத்தலோ நிறுத்தலோ மாற்றுதலோ ஒருபோதும் வேண்டா.

கலியாணத்திற்குக் கடன் கேட்க நாணாத நாம், மருந்தின் விலை கேட்க நாணுவதென்னை? தமையனாருக்கு இன்று நாக் குழறுகின்றது. அவர் அன்று கேளாதுவிட்ட ஒரு கேள்வியை, அவர் பொருட்டு உங்களிடம் ஒப்புவித்தேன்.