கண்மாய்க்கு யார் பொறுப்பு?

தாயில்பட்டியில் பட்டாசு ஆலையில் வேலை முடித்துக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே! மழை பொய்த்தது, கண்மாய் காய்ந்தது என்கிறார்கள். மழை மேல் மட்டும் பழி போடாதீர்கள். நம் விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில நாளில் வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும், மடை அடைத்திருக்க வேண்டும், மேலூர்க் கலுங்கு பாய்ந்து கீழூருக்குத் தண்ணீர் வர வேண்டும். ஒரு ஊர் தனியாக இதைச் செய்ய முடியுமா? ஊரும் ஊரும் பேசி வைத்த முறைதான் வறண்ட இந்தச் சீமையைக் காப்பாற்றியது. தமிழகத்தில் 39 ஆயிரத்துக்கு மேல் ஏரி, கண்மாய் உண்டு. அவற்றில் பலவற்றுக்கும் அந்த முறைதான் உயிர்.

அந்த முறையின் நடுவில் நின்றவன் நீர்பாய்ச்சி. அடைமழை இரவில் மண்வெட்டியோடு கரையில் நின்றவன். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பிசகாமல் பாய்ச்சி, களத்துமேட்டில் நெல்லைக் கூலியாக வாங்கியவன். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரியைக் கவனிக்கும் ஊர்க் குழுவான ஏரி வாரியம் பற்றிச் சொல்கிறது. ஆனால் அந்த ஏரியைக் காத்த நீர்பாய்ச்சிக்கு இன்றுவரை நாம் ஒரு நாற்காலி போடவில்லையே! தேர்தலுக்குத் தேர்தல் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம், வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கை நீட்டிக் காட்டத் தெரியாது!

ஊரே கூடிக் கண்மாயைப் பராமரித்த குடிமராமத்து என்பது சாதிக் கொடுமையும் கட்டாய வேலையும் கலந்ததுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலை ஒருவனுக்கு, விளைச்சல் இன்னொருவனுக்கு என்றுதான் பல ஊரில் இருந்தது. 1858இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டே கட்டாயப்படுத்தினான். ஆனால் 2000ஆம் ஆண்டுப் பாசனச் சட்டமும் நிலம் உள்ளவரைத்தான் பாசனச் சங்க உறுப்பினராக்கியது. நூறு நாள் வேலையில் கண்மாய் மண்ணை அள்ளிச் சுமக்கும் தாய்க்கு அங்கே இடமில்லை. உழைப்பு இருக்கிறது, உரிமை இல்லை. பழைய தவறு புதுச் சட்டையோடு வந்திருக்கிறது.

ஊரெல்லாம் பட்டாசு வேலைக்குப் போகிறது, போர்வெல் போட்டாச்சு, கண்மாய் எதற்கு என்பவர்களுக்கும் சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் அந்தப் போர்வெல்லில் ஊறும். பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பட்டாசுத் தொழில் எத்தனை ஆட்டம் கண்டது! ஆலை மூடிக் கிடக்கும் மாதத்தில் ஆடும் மாடும்தானே கஞ்சி ஊற்றுகின்றன? அவை எங்கே தண்ணீர் குடிக்கும்? கண்மாயை நம்மால் காக்க முடியுமா என்கிறீர்களா? பொதுச் சொத்தை ஊர் மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று உலக நாடுகளின் ஊர்களை ஆராய்ந்து நிறுவிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். விதி வகுப்பதில் பயன்படுத்துகிறவர்களுக்குப் பங்கு வேண்டும், விதியை மீறினால் தண்டம் வேண்டும் என்றார் அந்த அம்மையார்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும். நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் கண்மாய்ச் சங்கத்தில் இடம், கண்மாயில் மீன் பிடிக்கும் மீன்பாசி ஏலப் பணம் முதலில் மடைக்கும் கரைக்கும், நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகாதீர்கள்!